வராத வண்டிக்கு வரிந்துகட்டும் நாம்



ஆயர் தாவாரில் எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும் கால் மணி நேரத்திற்குள் இப்படி ஒரு செய்தி காதில் விழுந்துவிடும். “சத்ரியா மறுபடியும் வருதாம். இந்தத் தடவ டர்போவாம். நாலு சக்கரமும் இழுக்குமாம். தீபாவளிக்குள்ள இறக்கிடுவாங்களாம்.” சொன்னவர் யாரிடம் கேட்டார்? மைத்துனரிடம். மைத்துனர் எங்கே கேட்டார்? புலனக் குழுவில். குழுவில் போட்டவருக்கு யார் சொன்னார்? அது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால், அந்த வண்டியின் குதிரைத்திறன் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும்!

நம் தமிழில் ‘ஆம்’ என்று ஓர் அருமையான ஒட்டு இருக்கிறது. ‘வருகிறது’ என்றால் நான் அறிந்து சொல்கிறேன் என்று பொருள். ‘வருகிறதாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு எனதன்று என்று பொருள். ஓரெழுத்தில் மெய்யையும் செவிவழிச் செய்தியையும் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. இன்று நடப்பது என்ன? காலையில் ‘வருகிறதாம்’ என்று புறப்படும் செய்தி நண்பகலில் ‘வருகிறது’ ஆகிவிடுகிறது. மாலையில் ‘உறுதியாகிவிட்டது’ என்று சிவப்பெழுத்தில் வந்து நிற்கிறது. யாரோ கணினியில் வரைந்த படமொன்றும் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. இடையில் அந்த ‘ஆம்’ எங்கே உதிர்ந்தது என்று எவரும் தேடுவதில்லை.

“ஆசிரியருக்கு வேறு வேலை இல்லையா? மகிழுந்தைப் பற்றி ஆண்பிள்ளைகள் நாலு வார்த்தை பேசினால் குடியா முழுகிவிடும்?” என்று சிலர் கேட்கக்கூடும். பேசட்டும். பேசுவதை நான் குறை சொல்லவில்லை. எப்படிப் பேசுகிறோம், அதைக் கேட்டு வளரும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறான் என்பதே என் வழக்கு.

கேம்புரோ கற்பித்த பாடம்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். 2004 பிப்ரவரியில் புரோட்டோன் ஜென்-2 மகிழுந்து வெளிவந்தது. லோட்டஸ் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்ட ‘கேம்புரோ’ இயந்திரம் அதில்தான் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அன்றைய பேச்செல்லாம் அந்தப் பெயரைப் பற்றித்தான்.

‘கேம்’ என்பது இயந்திரத்துக்குள் சுழலும் தண்டின்மீதுள்ள முட்டை வடிவ மேடு. அந்த மேடு அழுத்தும்போது வால்வு திறக்கிறது. காற்றும் எரிபொருளும் உள்ளே போகின்றன. மேடு உயரமாக இருந்தால் வால்வு அதிகம் திறக்கும். அது வேகமான ஓட்டத்திற்கு நல்லது. தாழ்வாக இருந்தால் மெதுவான ஓட்டத்திற்கு நல்லது. இரண்டு வகை மேடுகளையும் வைத்துக்கொண்டு, வேகத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் சி.பி.எஸ். என்று பெயர். கேம்புரோ என்ற பெயரே ‘கேமின் வடிவம்’ என்ற சொற்களின் சுருக்கம்தான்.

ஆனால், 2004-இல் வந்த வண்டியில் அந்த மாறும் ஏற்பாடு இல்லை! அது விற்பனைக்கு வந்தது 2008-இல். அப்போதுதான் 125 குதிரைத்திறன் கிடைத்தது. முதலில் வந்த இயந்திரத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 முதல் 4,000 சுழற்சி வரையிலான இடைவெளியில் முறுக்குவிசை சற்றே தொய்ந்தது. எண்ணெய்ப்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரியை முந்துவதற்கு நமக்கு வேண்டிய சுழற்சி வேகம் பெரும்பாலும் அதுவே. பிறகு 2011-ஆம் ஆண்டின் இறுதியில் எக்சோரா போல்டிலும், 2012-இல் பிரிவேயிலும் டர்போ பொருத்திய கேம்புரோ வந்தது: 138 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர். அதுவும் 2,000 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை.

இந்த வரலாற்றை ஏன் விரித்துரைக்கிறேன்? பெயரில் இருந்தது வண்டிக்கு வர நான்காண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் “அடுத்த மாதம் வந்துவிடும்” என்ற பேச்சுக்குக் குறைவே இல்லை. கேட்ட பெயர் ஒன்று, எதிர்பார்த்த பொருள் ஒன்று, பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது வேறொன்று. இம்மூன்றையும் பிரித்தறியும் பிள்ளையே படித்த பிள்ளை.

ஊகித்தல் வேறு, உளறல் வேறு

நம் பள்ளி அறிவியல் பாடத்தில் செயற்பாங்குத் திறன்களைக் கற்பிக்கிறோம். உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்று பிள்ளைகள் வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஊகித்தல் தவறன்று. அது ஒரு திறன். அதற்குப் புள்ளியும் தருகிறோம். ஆனால், உற்றறிந்த ஒன்றின்மேல் நிற்பதே ஊகம். காற்றில் நிற்பது உளறல்.

எடுத்துக்காட்டாக, புரோட்டோன் எக்ஸ் 50 இங்கே வெளியீடு கண்டது 2020 அக்டோபரில். ஆனால், ஜீலி நிறுவனம் 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிவிட்டது. எக்ஸ் 50-க்கு மூலமான ‘பின்யூ’ 2018-லேயே சீனச் சாலைகளில் ஓடியது. அதைக் கவனித்தவர், “மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் டர்போ, ஏழு கியர், இரட்டைக் கிளட்ச்” என்று ஈராண்டுக்கு முன்பே சொல்லியிருக்க முடியும். பெரொடுவா அத்திவாவின் கதையும் இதுவே. 2021 மார்ச்சில் வந்தது. ஆனால் அதன் உடன்பிறப்பான டைஹாட்சு ரோக்கி 2019 நவம்பரிலேயே ஜப்பானில் வந்துவிட்டது. ஒரு லிட்டர் டர்போ என்பதற்குச் சோதிடம் எதற்கு?

இப்படிச் சான்று காட்டி ஒருவர் பேசினால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். “என் மச்சான் சொன்னான்” என்பவருக்கு என்ன புள்ளி போடுவது?

இது நம் ஊர் நோய் மட்டும் அன்று. அமெரிக்கர்கள் ‘மசல் கார்’ என்று கொண்டாடும் முரட்டு மகிழுந்துகளில் டாட்ஜ் சார்ஜர் பெயர் பெற்றது. எட்டு சிலிண்டர் இயந்திரம் கொண்ட பழைய சார்ஜரின் உற்பத்தி 2023 டிசம்பரில் முடிந்தது. அடுத்து வருவதில் எட்டு சிலிண்டர் இருக்குமா, ஆறா, மின்சாரமா என்று இரசிகர்கள் வாய்ச்சண்டையிட்டார்கள். 2024 மார்ச்சில் திரை விலகியபோது மின்சார வண்டியும், ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ வண்டியும் அறிவிக்கப்பட்டன. மின்சார வண்டிக்கு உறுமல் இல்லையே என்று இரசிகர்கள் வருந்துவார்கள் என்பதற்காக, 126 டெசிபல் வரை செயற்கையாக உறுமும் கருவியையும் பொருத்தினார்கள். ஒலி பழையது, உள்ளே இருப்பது வேறு. வதந்திக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது ஆண்டுகள் என்பது எவ்வளவு நீளம்?

பெற்றோர்களே, இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

வதந்தி காசு கேட்பதில்லை. ஆனால், அது ஆசையைக் கிளறுகிறது. ஆசை முன்பணம் கட்டச் சொல்கிறது. முன்பணம் ஒன்பதாண்டுக் கடனில் கையெழுத்திடச் சொல்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய கணக்குத்தான். 60,000 ரிங்கிட் கடன், நிலைவட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டுகள். வட்டி மட்டும் 16,200 ரிங்கிட். மொத்தம் 76,200. மாதத் தவணை ஏறத்தாழ 706 ரிங்கிட். வாகனக் கடனில் நெடுங்காலம் வழங்கிய இந்த நிலைவட்டிக் கணக்கில், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படுகிறது. “மூன்று விழுக்காடுதானே” என்ற சொல்லில் எவ்வளவு மறைந்திருக்கிறது, பாருங்கள்!

அத்தவணை தொடங்கும் மாதத்தில் முதலாம் ஆண்டில் கால்வைக்கும் பிள்ளை, அது முடியும்போது படிவம் நான்கில் கால்வைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் கதைப்புத்தகம் வாங்க, நூலகத்திற்கு அழைத்துச் செல்ல, கூடுதல் வகுப்புக்கு அனுப்ப “இந்த மாதம் முடியாது” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த 706 ரிங்கிட் வீட்டு வாசலில் கழுவித் துடைக்கப்பட்டு நிற்கும்.

2025 டிசம்பரில் பெரொடுவா தன் முதல் மின்சார மகிழுந்தான கியூவி-இ-யை 80,000 ரிங்கிட் என்று அறிவித்தது. அவ்விலையில் மின்கலம் சேராது. மின்கலத்திற்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது ஆண்டுகளுக்கு. 275-ஐ 108 மாதங்களால் பெருக்கினால் 29,700. இது நல்ல ஏற்பாடா, கெட்ட ஏற்பாடா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மின்கலம் பழுதாகுமோ என்ற கவலை வாங்குபவருக்கு இல்லை என்பது அதன் நன்மை. ஆனால், அந்தப் பெருக்கலைச் செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் தந்தைக்கும், “எண்பதாயிரம்தானாம்” என்று ஓடும் தந்தைக்கும் உள்ள வேறுபாடுதான் கல்வி.

வண்டி வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேருந்து அரிதாகிப்போன நம் வட்டாரத்தில் வண்டி இல்லாமல் பிழைக்க முடியாது. தேவைக்கு வாங்குவது வேறு; யாரோ கிளப்பிவிட்ட ஆவலுக்கு வாங்குவது வேறு.

யார் மக்கு?

இப்போது ஆசிரியர்களிடம் வருகிறேன். நம் அறையில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. “அவனா? வண்டி பெயர் எல்லாம் தலைகீழாகச் சொல்வான். வாய்பாடு மட்டும் ஏறாது.” இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். பெற்றோரும் வந்து அதையே சொல்கிறார்கள்: “அவனுக்கு வண்டினா உசிரு சார், படிப்புதான் வரல.”

இது பச்சைப் பொய். முப்பது வண்டிகளின் இயந்திர அளவை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு நினைவாற்றல் இல்லை என்று எப்படிச் சொல்வது? 102 குதிரைத்திறன் கொண்ட மைவி எப்படி அதைவிடப் பெரிய வண்டிகளை முந்துகிறது என்று வாதாடுபவனுக்குத் தருக்கம் வராது என்று யார் சொன்னது? அவனுக்குப் படிப்பு வரவில்லை என்பதைவிட, நம் படிப்பு அவனிடம் போகவில்லை என்பதே உண்மை.

ஒருமுறை ஐந்தாம் ஆண்டு வகுப்பில், பையன்கள் பேசிக்கொண்டிருந்த வண்டிச் செய்திகள் ஆறினை வெண்பலகையில் எழுதினேன். அவற்றை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: அளந்தறிந்தது, ஊகித்தது, கேள்விப்பட்டது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கட்டுரை என்றால் நான்கு வரியோடு பேனாவை வைத்துவிடும் ஒரு மாணவன், ஒரு வண்டியின் இயந்திரத்தைப் பற்றி ஏன் அப்படி ஊகித்தான் என்பதற்குக் காரணம் காட்டி முழுப்பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால் ‘ஏனெனில்’ என்ற சொல்லை ஐந்து இடங்களில் சரியாகப் பயன்படுத்தியிருந்தான். எந்தப் பயிற்சி நூலும் அந்தச் சொல்லை அவனிடமிருந்து அப்படி வரவழைத்ததில்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வைக் காட்டி “நேரமில்லை” என்று சொல்லும் வசதி நமக்குப் போய்விட்டது. குதிரைத்திறனை வைத்துப் பெருக்கல் கற்பிக்கலாம். முறுக்குவிசையை வைத்து விசையைக் கற்பிக்கலாம். தவணைக் கணக்கை வைத்து விழுக்காட்டைக் கற்பிக்கலாம். பற்சக்கரத்தை விளக்க, சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

தஞ்சோங் மாலிமில் இரண்டு வாசல்கள்

இவ்வளவும் சொன்னதற்கு மூலகாரணம் இனிமேல்தான் வருகிறது.

பேராக் மாநிலத்தின் தென்கோடியில் தஞ்சோங் மாலிம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அவ்வூர் என்றால் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. நம்மில் எத்தனையோ பேர் அங்கே பட்டம் பெற்றவர்கள். அதே ஊரில்தான் புரோட்டோன் தொழிற்சாலையும் இருக்கிறது. எக்ஸ் 70, எக்ஸ் 50 எல்லாம் பூட்டப்படும் இடம் அது. 2025 செப்டம்பரில் மின்சார வண்டிகளுக்கென்று தனித் தொழிற்சாலையும் அங்கே திறக்கப்பட்டது. நாம் முதல் வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். இரண்டாவது வாசலைக் காட்டுகிறோமா? “வண்டி எப்போது வருமாம்?” என்று ஆயர் தாவாரில் உட்கார்ந்து கேட்கிறோமே தவிர, அது உருவாகும் இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்று எத்தனை பேர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்?

நம் பாட்டன்மார் இரப்பர்ப் பாலை எடுத்தார்கள். அந்தப் பால் கப்பலேறி உலகத்து மகிழுந்துகளுக்கெல்லாம் சக்கரமாயிற்று. சக்கரத்திற்குப் பால் கொடுத்தவர்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்தே போனார்கள். துரையின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போனது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வண்டி இருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால், வாங்குபவராக மட்டுமே இருப்பது எப்படி முன்னேற்றமாகும்? அன்று பாலை விற்றோம். இன்று ஒன்பதாண்டு உழைப்பை முன்கூட்டியே விற்கிறோம்.

வண்டியின் உட்புறமும் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7-இன் மின்னோடி 160 கிலோவாட் திறனும் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. குடும்பத்தோடு போகும் வண்டி அது. ஒரு காலத்தில் இளைஞர்கள் கனவு கண்ட சத்ரியா ஜிடிஐ-யின் 1.8 லிட்டர் இயந்திரம் தந்தது ஏறத்தாழ 140 குதிரைத்திறன். இதுவோ 218-ஐத் தொடுகிறது. மின்னோடிக்குக் கேமும் இல்லை, வால்வும் இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை கிடைத்துவிடும். கரியும் எண்ணெயும் படிந்த கையோடு கற்றுக்கொண்ட பட்டறை அறிவு மட்டும் இனிப் போதாது. உயர் மின்னழுத்தம் தெரிய வேண்டும். கையேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். வாசிக்கத் தெரியாதவனுக்குப் பட்டறையிலும் இடமில்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது. இதற்கு ‘ஆம்’ விகுதி தேவையில்லை, இது வதந்தியன்று.

ஆகவே, “படிக்காவிட்டால் பட்டறைக்குப் போ” என்று இனி எந்தப் பிள்ளையையும் மிரட்டாதீர்கள். பட்டறைக்குப் போகத்தான் படிக்க வேண்டும். தொழிற்கல்லூரி இருக்கிறது. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அவை தோற்றவர்கள் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

வேகத்தின் பாதி வாசிப்பு

வேகம் வேண்டும் என்று துடிக்கும் பையன்களுக்கு நான் சொல்லும் பெயர் கரம்ஜிட் சிங். மலேசிய இந்தியர். 2002-இல் புரோட்டோன் வண்டியை ஓட்டி, உற்பத்தி மகிழுந்துகளுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றவர். அவரைப் பற்றிச் சொன்னதும் பையன்களின் கண்கள் விரியும். உடனே நான் அடுத்த பெயரைச் சொல்வேன்: ஆலன் ஓ. அவர் யார்? பக்கத்து இருக்கையில் அமர்ந்து குறிப்பேட்டை வாசித்தவர்.

ரேலிப் பந்தயத்தில் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் வளைவு தெரியாது. பந்தயத்திற்கு முன்பே இருவரும் அப்பாதையில் மெதுவாகச் சென்று, ஒவ்வொரு வளைவையும் உற்றறிந்து, குறிப்பெழுதி வைப்பார்கள். பந்தயத்தின்போது துணை ஓட்டுநர் அதைப் பிழையின்றி, தடுமாற்றமின்றி உரக்க வாசிப்பார். ஒரு சொல் பிசகினால் வண்டி பள்ளத்தில். ஆக, அந்த உலக வெற்றியில் பாதி வாசிப்பின் வெற்றி. கேள்விப்பட்டதை நம்பி அந்தப் பாதையில் எவரும் வண்டியை விடுவதில்லை.

மூன்று வேண்டுகோள்கள்

பெற்றோர்களே, பிள்ளை “அப்பா, அந்த வண்டி வருதாம்” என்று ஓடிவந்தால் விரட்டாதீர்கள். “யார் சொன்னார்? எதை வைத்துச் சொன்னார்?” என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அதே கேள்விகளை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆசிரியர்களே, அவன் பேச்சை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். வெண்பலகைக்குக் கொண்டுவாருங்கள்.

பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கிறோம். நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போன பிள்ளைகள் ஒரு முறையாவது ஒரு தொழிற்கல்லூரியின் பட்டறையைப் பார்க்கட்டும். தண்டு எப்படிச் சுழல்கிறது என்று அங்குள்ள பயிற்றுநரிடம் அவர்களே கேட்கட்டும்.

புதிய சத்ரியா வந்தாலும் வரலாம்; வராமலும் போகலாம். அதற்கு எத்தனை சிலிண்டர் என்பதை அது வரும் நாளில் அளந்தறிவோம். ஆனால், நம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து இயந்திரப் படம் வரைந்துகொண்டிருக்கும் பையன் வந்தேவிட்டான். அவனைப் பற்றி ஊகிக்க ஒன்றுமில்லை. கற்பிக்கத்தான் நிறைய இருக்கிறது.